நாய் அடங்கிய வருஷம்

அன்று பெரட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன். வேலை வாங்குகிற மண்டோர் இருந்தார். டிராக்டர் ஓட்டுகிறவர் இருந்தார், இன்ஜினை அணைக்காமல். செம்பனைக் குலை வெட்டுகிற இந்தோனேசியக்காரர் இருந்தார். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் 'பாங்'தான், அண்ணன் என்று அர்த்தம். உரம் போடுகிற பெண்கள் இரண்டு பேர். பக்கத்து கேட்டில் காவலுக்கு நிற்கிற, ஜாகா வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர், தேத்தண்ணி குடிக்க வந்தவர். நான். அப்புறம் நாய்.

பெரட்டு என்றால் காலை ஆறு மணிக்கு ஆள் எடுக்கிற இடம். நாய்க்கு அங்கே வேலை இல்லை. கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டது.

வந்ததும் நேராக பாங் மேல் ஏறியது. இரண்டு முன்னங்கால்களையும் அவர் நெஞ்சில் வைத்து அவர் கையை நக்கியது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதற்கு யாரைக் கண்டாலும் அப்படித்தான். ஆனால் அவர் விடிகாலைத் தொழுகையை முடித்து வந்திருந்தார். அவர்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீர். சவுக்காரம் போட்டுக் கழுவினால் ஆகாது.

பாங் சத்தம் போடவில்லை. கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு குழாய்க்குப் போனார். குழாயில் காற்றுதான் வந்தது. நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குக் காலையில் ஐந்திலிருந்து ஆறு வரைதான் தண்ணீர். வீட்டில் சாயங்காலத்துக்குப் பிடித்து வைத்திருந்த வாளியில் கழுவிவிட்டு, சட்டை மாற்றி வந்தார். இருபது நிமிஷம் போயிற்று.

"யாரு நாய் இது?" என்றார் மண்டோர். அவருக்குத் தெரியும்.

"எங்க நாய்தான்," என்றேன்.

"இருபது நிமிஷமா டிராக்டர் சும்மா உறுமிக்கிட்டு நிக்குது."

"நாய்க்கு ஒரு கொக்கி குடுங்க மண்டோர்," என்றார் டிராக்டர்காரர். "அதுவும் குலை வெட்டட்டும். நம்ம ஆளுங்ககிட்ட இல்லாத தெம்பு அதுகிட்ட இருக்குலா."

பெண்கள் சிரித்தார்கள். மண்டோர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை நடந்துச்சுன்னா சனிக்கிழமை லோரிதான். அப்புறம் என்னைச் சொல்லாத அக்கா."

என் வீட்டுக்காரர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு கேட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை லோரி என்றால் எங்களுக்குத் தெரியும். பழம் ஏற்றுகிற லோரி ஆலைக்குப் போகும்போது, தொந்தரவு செய்கிற நாய்களைச் சாக்கில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி கட்டி, லோரிப் பெட்டியின் முன்பக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். ஆலையையும் தாண்டி கெமாஸ் போகிற ரோட்டில் எங்கேயோ அவிழ்த்து விடுவார்கள். எது செத்தது, எது பிழைத்தது என்று யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்தது ஒன்றும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நானே ஒன்றை அனுப்பியிருக்கிறேன். கோழி பிடிக்கிற நாய். சாக்கை நான்தான் கட்டினேன்.

இந்த நாய் எங்களுடையது இல்லை. ராசா டவுனில் இருக்கிற என் மகளுடையது. குட்டியில் வாங்கினாள். எட்டு மாசம் ஆனதும் சோபாவைக் கிழித்தது. மருமகனின் சப்பாத்தைத் தின்றது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அதோடு அவர்கள் பிளாட் வீட்டுக்கு மாறினார்கள். அங்கே நாய் வைக்கக் கூடாதாம். காரில் கொண்டுவந்து இறக்கினாள்.

"அம்மா, இங்க எவ்ளோ இடம் இருக்கு. நல்லா ஓடட்டும்லா."

டவுனில் இருக்கிறவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். தோட்டம் என்றால் காடு, யாரும் கேட்க மாட்டார்கள் என்று. இங்கே ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பாங். எங்கள் வாசலிலிருந்து அவர் வாசல் பத்து எட்டு வைத்தால் போகிற தூரம்.

மகள் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாள். எங்கள் வாயில் நிற்கவில்லை. 'டேய்' என்று கூப்பிட்டோம். பையில் அடைத்த நாய்த்தீனி ஒரு வாரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அது தீர்ந்ததும் சோறும் கருவாட்டுத் தலையும் போட்டேன். இரண்டு நாள் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் தட்டையும் சேர்த்துக் கடித்தது.

குட்டியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய நாயாக இருந்தால் சொன்னதைக் கேட்கும். இது இரண்டும் இல்லை. கால் மட்டும் நீளமாக வளர்ந்துவிட்டது. ஒரு காது நிற்கும், ஒன்று தொங்கும். காலைத் தூக்கி மூத்திரம் பெய்யப் பார்த்துச் சாய்ந்து விழும். நேற்று கூப்பிட்டால் வந்தது, இன்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்கும். மட்டை விழுந்தால் குரைக்கும். கொடியில் காய்கிற சிலுவாரின் காலைப் பிடித்து இழுக்கும். உதிர்ந்து கிடக்கிற செம்பனைப் பழத்தைத் தின்றுவிட்டு லயம் முழுக்கக் காவி நிறத்தில் கழிந்து வைக்கும். அதையும் நான்தான் அள்ளினேன்.

என் வேலை உதிரி பொறுக்குவது. குலை வெட்டி விழும்போது சிதறுகிற பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். வயது ஐம்பத்தெட்டு. முட்டி இரண்டும் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் ஒரு இடத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அந்த வருஷம் உட்காரவில்லை.

வீட்டில் விட்டால் குற்றம் என்று அதை வேலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். தள்ளுவண்டியில் கட்டினேன். வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்தது. இரண்டு சாக்குப் பழம் வாய்க்காலில் போயிற்று. மரத்தில் கட்டினால் ஊளை. அவிழ்த்து விட்டால், பாங் குலையை வெட்டி இறக்குகிற நேரத்தில் சரியாக அந்த மரத்தடியில் போய் நிற்கும். விழுகிற குலை இருபது கிலோ இருக்கும். பாங் கொக்கியை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.

"அக்கா, இது சாகுறதுக்கு வருதா, என்னைக் கொல்றதுக்கு வருதா?"

பதினைந்து வருஷம் எங்களோடு இருந்து தமிழ் பேசுவார். கொஞ்சம் உடைந்த தமிழ். ஆனால் கேலி உடையாமல் வரும்.

என் வீட்டுக்காரர் ஒரு வழி செய்தார். அவருடைய அப்பா தோட்டத்தில் மாடு வளர்த்தவர். அடங்காத மாட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடுவார்கள். ஓடினால் கட்டை முன்னங்காலில் இடிக்கும், மாடு தானாக நின்றுவிடும். இவர் அதே மாதிரி பனை மட்டையின் அடியைச் சீவி, ஒரு முழம் நீளத்தில் நாய்க்குக் கட்டினார். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தார். நாய் பத்து எட்டு நடந்தது. கட்டை காலில் இடித்தது. நின்றது. குனிந்து பார்த்தது. கட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது.

அதற்கப்புறம் ஒரு முழக் கட்டையோடு எல்லார் மேலும் பாய்ந்தது. மண்டோர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கும்போது அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு அடி.

"மாட்டுக்குக் கட்டுறத நாய்க்குக் கட்டியிருக்கீங்களே," என்றார் காலைத் தேய்த்துக்கொண்டே. "நாளைக்குப் பால் கறப்பீங்களா?"

"கறந்தா உங்களுக்கும் ஒரு டம்ளர்," என்றார் என் வீட்டுக்காரர். கட்டையை அவிழ்த்து அடுப்பில் வைத்தார்.

அந்த வாரமே பாங்கின் சப்பாத்து போயிற்று. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போட்டுப் போகிறது. வாசலில் கழற்றி வைத்திருந்தார். ஒன்றை மட்டும் நாய் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் படுத்து மென்றுகொண்டிருந்தது. நான் வேலையிலிருந்து வந்து பார்க்கும்போது குதிகால் இல்லை.

அன்று வியாழக்கிழமை. மண்டோர் காதுக்குப் போனால் சனிக்கிழமை லோரி. நான் சப்பாத்தை ஒரு சாக்குத் துண்டில் எடுத்துக்கொண்டு பாங் வாசலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. என் கையிலும் நாயின் எச்சில்தான்.

"பாங், மண்டோர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

அவர் சப்பாத்தைப் பார்த்தார்.

"சொன்னா லோரி."

"ஆமா."

"நாய் மேல எனக்குக் கோபம் இல்ல அக்கா. அதுவும் ஆண்டவன் செஞ்சதுதான். எனக்குத் தண்ணிதான் கஷ்டம். ஏழு தடவை கழுவணும். குழாய் ஒரு மணி நேரம். வாளி ஒண்ணு. நான் குளிக்கவா, சோறு ஆக்கவா, உன் நாயைக் கழுவவா?"

"தண்ணி நான் கொண்டாறேன்," என்றேன். "அது தொடுற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வாளி. மண்ணும் நானே கொண்டாறேன்."

"மண்ணு எதுக்கு நீ தரணும்? மண்ணு கம்பெனியோடது," என்றார். பிறகு, "சரி" என்றார்.

சப்பாத்துக்குப் பதில் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம், பழசு இன்னொன்று இருக்கிறது என்றார்.

லயத்துக் குழாய் நின்றுவிட்டால் தண்ணீருக்குப் பழைய ரப்பர் பால் ஸ்டோர் பக்கத்துக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். ரப்பர் மரம் இருந்த காலத்துக் கிணறு. சின்ன மேடு ஏறி இறங்க வேண்டும். கால் மணி நேரம் போகும், வாளியோடு வர அதைவிடக் கூட. முதல் வாளி அன்று சாயங்காலமே. நாய் வந்து சப்பாத்தைக் கவ்விய தன் வாசலை அவர் கழுவ வேண்டியிருந்தது. வாழை மரத்தடியில் சுத்தமான மண்ணாகப் பார்த்து ஒரு டின்னில் அள்ளி, மூடி போட்டு அவர் வாசலில் வைத்தேன். அதை நாய் தொடாமல் இருக்க மேலே ஒரு கல்.

மறுநாள் நாய் அந்த மண் டின் மேல் இருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

அந்த மாசம் எத்தனை தடவை மேடு ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. காலில் நக்கும். சாரத்தில் மூக்கை வைக்கும். அவர் மோட்டார் சீட்டில் ஏறிப் படுத்துக்கொள்ளும். வேலை விட்டு வந்து, முட்டியில் எண்ணெய் தேய்த்து, உட்காரலாம் என்றால் அவர் வாசலிலிருந்து குரல் வரும். சத்தமாக இல்லை. "அக்கா." அவ்வளவுதான். நான் வாளியை எடுப்பேன். நாய் முன்னால் ஓடும். என்னமோ இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போகிற மாதிரி சந்தோஷம் அதற்கு.

ஒரு நாள் மழையில் மேட்டில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். வாளி உருண்டு போயிற்று. நாய் அதைத் துரத்திக்கொண்டு போயிற்று. நான் எழுந்திருக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. லோரியில் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன், பொய் சொல்லக் கூடாது. சாக்குகூட வீட்டில் இருக்கிறது. பிறகு எழுந்து, வாளியைத் தேடி எடுத்து, மறுபடி கிணற்றுக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் என் சேலையில் சேற்றைப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து ஜாகா மாறுகிற நேரத்தில் அவரும் ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார்.

எப்போது குறைந்தது என்று தெரியாது. குறைந்தது. ஒரு வாரம் பாங் கூப்பிடவில்லை. அவர் ஊருக்குப் போய்விட்டாரோ என்று பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து கொக்கியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நாய் எங்கள் பக்கத்தில் படுத்திருந்தது. தலையைத் தரையில் வைத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வந்தது. தோட்டத்தில் எலிக்கு மருந்து வைக்கிறார்கள், மரத்தடியில். அதைத் தின்றுவிட்டதோ என்று வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு வெளுக்கவில்லை, சிவப்பாகத்தான் இருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தேன். பொறுத்துக்கொண்டது. முன்னாலெல்லாம் வயிற்றைத் தொட்டால் கையைக் கவ்வும்.

"என்னமோ ஆயிடுச்சு இதுக்கு," என்றேன்.

வீட்டுக்காரர் பார்த்தார். "ஒண்ணும் ஆகல. வயசு வந்துருச்சு."

"ஒரே நாள்லயா?"

"உன் மகளுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

மகளும் அப்படித்தான். பதினாறு பதினேழு வயதில் என்னோடு பேசினாலே சண்டை. ஒரு நாள் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அதன் பிறகு அது வேலைக்கு என் கூட வந்தது, கயிறு இல்லாமல். நான் குனிந்திருக்கிற இடத்திலிருந்து இரண்டு மரம் தள்ளிப் படுக்கும். நான் நகர்ந்தால் அதுவும் நகரும். பாங் கொக்கியைத் தூக்கினால் எழுந்து மர நிரையின் ஓரத்துக்குப் போய்விடும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு தடவை நான் சாக்கை எடுக்கக் கை நீட்டியபோது உறுமியது. என்னைப் பார்த்து இல்லை. சாக்குக்குப் பின்னால் பாம்பு. தன் பாட்டுக்குப் போயிற்று பாம்பு. நாய் துரத்தவில்லை, பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் வாயில் கவ்விக்கொண்டு வந்திருக்கும்.

தொங்குகிற காது மட்டும் நிமிரவே இல்லை.

மண் டின்னில் இருந்த மண் காய்ந்து கட்டியாகிவிட்டது. பாங் அதில் மிளகாய் விதை போட்டார்.

இந்த வருஷம் மழை விட்டதும் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. வெளிநாட்டு ஆட்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்களாம். லயத்தில் நாய்கள் அலையக் கூடாது. சனிக்கிழமை லோரியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும். கட்டுப்பாடாக இருக்கிற வீட்டு நாய் என்றால் மண்டோர் பார்த்து விட்டுவைக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை மண்டோர் பெரட்டில் கேட்டார். "இந்த நாய் ஏற்கனவே கம்ப்ளேன் வாங்கின நாய்தானே?"

"ஆமா," என்றேன். மறைக்க என்ன இருக்கிறது.

நாய் என் காலடியில் உட்கார்ந்திருந்தது. மண்டோர் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி அதன் முன்னால் போட்டார். நாய் செருப்பைப் பார்த்தது. மண்டோரைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி டிராக்டரைப் பார்த்தது.

"உங்க செருப்பு அதுக்குப் பிடிக்கல மண்டோர்," என்றார் டிராக்டர்காரர். "நாத்தம் தாங்கலயோ என்னமோ."

"நீ வாயை மூடு." மண்டோர் பாங் பக்கம் திரும்பினார். "நீதானே அடுத்த வீடு. நீ சொல்லு. இது ஏறணுமா, வேணாமா?"

எல்லாரும் பாங்கைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். அவருக்கு அந்த நாயால் ஒரு சப்பாத்து போயிருக்கிறது. எத்தனையோ சாயங்காலம் போயிருக்கிறது. ஏறட்டும் என்று சொன்னால் அது நியாயம்தான்.

"இது என்னைத் தொட்டு நாலு மாசம் ஆச்சு," என்றார் பாங். "நான் தொழுவப் போனா எந்திரிச்சு வழி விடுது. உங்க ஆளுங்க பாதிப் பேரு விட மாட்டாங்க."

மண்டோர் செருப்பை மாட்டிக்கொண்டார். "அப்ப வீட்டு நாய்," என்றார். "அக்கா, உன்கிட்ட பழைய சாக்கு இருந்தா கொண்டாந்து குடு. நாளைக்கு வேணும்."

வீட்டில் இருந்த சாக்குகளைக் கொடுத்தேன். கிழிசலைத் தைத்துக் கொடுத்தேன். நகம் மாட்டினால் அதுகளுக்கு வலிக்கும்.

சனிக்கிழமை காலை வெளிச்சம் வந்த பிறகுதான் ஏற்றினார்கள். உரம் போடுகிற பெண்களில் ஒருத்தியின் வெள்ளை நாய் இருந்தது. ஸ்டோர் பக்கத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தவை இருந்தன. அதில் ஒன்று இளசு. எங்களுடையது போன வருஷம் இருந்த மாதிரியே இருந்தது, கால் நீளமாக, சாக்குக்குள்ளேயே வாலை ஆட்டிக்கொண்டு. எல்லார் முகத்தையும் நக்கப் பார்த்தது. இன்னும் ஆறு மாசம் கிடைத்தால் அடங்கியிருக்கும். அதற்கு வாளி தூக்க எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் நாய் வாசலில் படுத்திருந்தது. லோரி போகும்போது எழுந்து நின்றது. குரைக்கவில்லை.

கேட்டில் லோரி நின்றது. கேட்டைத் தாண்டுகிற எதுவானாலும் எண்ணிச் சொல்ல வேண்டும், அது ஜாகாவின் வேலை. என் வீட்டுக்காரர் லோரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, சாக்குகளை எண்ணினார்.

ஐந்து.